குமரகோட்டமும் ஓரிக்கையும்: இதழ்ப்பணியில் திருத்தமும் திண்மையும்

1. முன்னுரை

காஞ்சி மாநகரம் கல்விக்கும் கோயிலுக்கும் நெசவுக்கும் பெயர் பெற்றது. தமிழ் இலக்கிய வரலாற்றில் எழுத்தாளன் ஒருவன் பிறருடைய தீர்ப்புக்கு உட்படும் நிலையை விளக்கும் வரலாறுகள் இரண்டு இந்நகரத்தோடு தொடர்புடையன. ஒன்று குமரகோட்டத்தில் நிகழ்ந்ததாகக் கூறப்படுவது; மற்றொன்று பாலாற்றுப் பக்கத்து ஊராகிய ஓரிக்கையின் பெயருக்குக் காரணமாகச் சொல்லப்படுவது. முன்னையது திருத்தத்திற்கு முகங்கொடுத்து நின்ற புலவரைப் பற்றியது. பின்னையது ஆணைக்கு இணங்காது ஊரை விட்டே நீங்கிய புலவரைப் பற்றியது. இவ்விரண்டும் ஒன்றற்கொன்று முரணானவை போலத் தோன்றும். ஆயினும் எழுத்தாளன் பெறவேண்டிய உள்ளத் திண்மையின் இரு கூறுகளே இவை என்பது ஆராய்வார்க்குப் புலனாகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் எழுத்தாளர்க்குப் பயிற்சிக் களமாக அமைந்தவை இதழ் அலுவலகங்கள். இளமையில் அங்குத் துணையாசிரியராக அமர்ந்து, பிறர் இட்ட பணியைப் பிறர் வகுத்த அளவில், பிறர் குறித்த நேரத்துக்குள் முடித்துக் கொடுத்தவர்களே பின்னர்த் தமிழ் உரைநடைக்குப் புதுநெறி வகுத்தனர். அப்பயிற்சியின் இயல்பு யாது, அதனால் விளைந்த உறுதி யாது, அவ்வுறுதிக்கு எல்லை எங்கே அமைந்தது என்பவற்றைச் சான்றுகள் கொண்டு காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பண்டைத் தமிழகத்தில் திருத்த மரபு

நூலாசிரியன் தன் நூலைப் பிறர்முன் வைத்துக் குற்றம் களைந்தபின்னரே உலகிற்கு அளித்தல் தமிழர் கொண்ட பழைய மரபாகும். தொல்காப்பியச் சிறப்புப் பாயிரம், நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்கு ஐயமறத் தெரித்து அந்நூல் அரங்கேறிய செய்தியைக் கூறுகின்றது. பிற்காலத்தார் அரங்கேற்றத்தைப் புகழ்ச்சி விழாவாகவே பெரிதும் கருதிவிட்டனர். உண்மையில் அது தேர்வுக் களமாகும். அவையில் அமர்ந்தோர் கேட்கும் கடாவுக்கெல்லாம் நூலாசிரியன் விடையிறுத்தல் வேண்டும். விடையிறுக்க இயலாதவிடத்துத் திருத்திக்கொள்ளல் வேண்டும்.

இம்மரபுக்குக் காஞ்சியில் வழங்கும் எடுத்துக்காட்டு கந்தபுராண அரங்கேற்றம். கச்சியப்ப சிவாசாரியார் நாடோறும் நூறு செய்யுள் பாடிக் குமரகோட்டத்து முருகன் திருமுன் வைப்பார் என்பதும், இரவில் இறைவனே அவற்றைத் திருத்தி வைப்பான் என்பதும் செவிவழிச் செய்தி. நூல் அரங்கேறிய நாளில், காப்புச் செய்யுளின் தொடக்கமாகிய 'திகட சக்கர' என்பதனையே ஒருவர் தடுத்தாராம். 'திகழ்', 'தசம்' என்னும் இரு சொல்லும் புணர்ந்து 'திகடசம்' என வருதற்கு இலக்கண விதி யாது என்பது அவர் வினா. அன்று விடை கிடைத்திலது, அரங்கேற்றம் நின்றது. மறுநாள் சோழ நாட்டினின்று வந்த புலவர் ஒருவர் வீரசோழியத்தை விரித்து, அப்புணர்ச்சிக்கு விதி அந்நூலில் இருத்தலைக் காட்டினார், அவையோர் அமைதியுற்றனர்.

இதனை நாம் வரலாற்று நிகழ்ச்சியாகக் கொள்ளவேண்டுவதில்லை. கச்சியப்பர் காலம் பற்றியே அறிஞரிடைக் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் இக்கதையைப் பேணிவந்த சமுதாயம் திருத்தத்தைப் பற்றிக் கொண்டிருந்த கருத்து இதனால் தெளிவாகின்றது. இறைவனே அடியெடுத்துக் கொடுத்துத் திருத்திய நூலாயினும் அவையின் வினாவுக்கு விலக்குப் பெறவில்லை. அதேபோழ்து, வினவியவரும் தம் விருப்பத்தைக் கூறித் தடுத்தாரல்லர், விதியைக் கேட்டார். விதி காட்டப்பட்டதும் ஏற்றுக்கொண்டார். இருசாராரையும் கட்டுப்படுத்தும் பொது அளவுகோல் ஒன்று இருந்தது. ஓர் இரவு முழுதும் தம் நூல் ஏற்கப்படுமோ என்ற ஐயத்தோடு காத்திருந்த புலவர், மறுநாள் அதே அவைக்குத் திரும்பி வந்தார் என்பதும் நாம் கருதத்தக்கது.

3. அவையிலிருந்து அலுவலகத்திற்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சுப்பொறி பரவிய பின்னர் இந்நிலை மாறிற்று. நூல் அவையை நாடாது நேரே படிப்பவரை நாடியது. குறுநில மன்னர், மடங்கள், செல்வர் ஆகியோரின் ஆதரவு குன்றியது. செய்யுளுக்கு இருந்தாற்போன்ற இலக்கண அளவுகோல் புதிய உரைநடைக்கு இல்லை. எனவே எழுதுவோனைத் தடுத்து வினவுவார் யார் என்னும் இடம் வெறிதாயிற்று. அவ்விடத்தை நிரப்பியவர் இதழாசிரியரே.

இதழாசிரியர் கையிலிருந்த அளவுகோல் வேறு. வாசகர்க்கு விளங்குமா, பத்தியில் அடங்குமா, அச்சேறும் நேரத்திற்குள் முடியுமா, அரசின் சட்டத்திற்குள் நிற்குமா என்னும் நான்குமே அவர் வினாக்கள். செய்யுளில் வல்ல இளைஞர்க்கு இவ்வினாக்கள் புதியன. தம் புலமையைக் காட்டும் சொல்லை நீக்கி எளிய சொல்லை இடுமாறு கூறுதல் அவர்தம் பெருமிதத்தைத் தாக்குவதாகவும் இருந்திருத்தல் வேண்டும்.

4. சுதேசமித்திரனில் பாரதி

இப்பயிற்சிக்குத் தலைசிறந்த சான்று சுப்பிரமணிய பாரதியாரின் வாழ்க்கை. 1882 டிசம்பர் 11-இல் எட்டயபுரத்தில் பிறந்த அவர், இளமையிலேயே அரசவைத் தொடர்பும் பாரதி என்னும் பட்டமும் பெற்றவர். 1904-இல் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில திங்கள் தமிழாசிரியராக இருந்தார். அவ்வாண்டிலேயே மதுரை 'விவேகபாநு' இதழில் 'தனிமை இரக்கம்' என்னும் அவர்தம் செய்யுள் அச்சாயிற்று. அச்செய்யுளின் நடை அக்காலப் புலவர் நடை; அகராதித் துணையின்றி விளங்காத சொற்கள் மிடைந்தது. 1904 நவம்பரில் அவர் சென்னை சென்று 'சுதேசமித்திர'னில் துணையாசிரியராக அமர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்திரண்டு நிரம்பவில்லை.

அவ்விதழின் ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர் (1855–1916). திருவையாற்றில் பிறந்து, பள்ளி ஆசிரியராக வாழ்வைத் தொடங்கியவர். 1878-இல் 'இந்து' இதழைத் தோற்றுவித்த அறுவருள் ஒருவர். 1882-இல் 'சுதேசமித்திர'னைத் தொடங்கியவர். 1885-இல் பம்பாயிற் கூடிய முதற் காங்கிரசில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர். இளம் வயதில் கைம்மை எய்திய தம் மகளுக்கு மறுமணம் செய்வித்து, அதனால் உற்றார் பகையைத் தாங்கியவர். 1898-இல் 'இந்து'வை விட்டு விலகித் தமிழ் இதழிலேயே முழுக்கருத்தையும் செலுத்தினார். 1899 முதல் 'சுதேசமித்திரன்' நாளிதழாக வெளிவரலாயிற்று.

நாளிதழின் துணையாசிரியர்க்கு உரிய பணி தலையங்கம் தீட்டுதலன்று. தந்திகளையும் ஆங்கில இதழ்களின் செய்திகளையும் தலைவர்தம் சொற்பொழிவுகளையும் தமிழாக்குதலே அப்பணி. பாரதியார் பணியேற்ற காலத்தில் உருசிய–சப்பானியப் போர் (1904–1905) நடைபெற்றுக்கொண்டிருந்தது. 1905-இல் வங்கப் பிரிவினை எழுந்தது. சொற்சுருக்கமுடைய ஆங்கிலத் தந்தியைப் பெற்று, அதன் குறிப்பை உணர்ந்து, உரிய தமிழ்ச்சொல் இல்லாத அரசியற் பொருள்களுக்குச் சொல் தேடி, அச்சுக் கோப்போர் காத்திருக்க எழுதிக் கொடுத்தல் அக்கால அலுவலகத்தின் அன்றாட வேலை. இன்று எழுதியதை நாளை மெருகிடலாம் என்னும் வாய்ப்பு அங்கில்லை.

ஐயர் வேலை வாங்குவதில் கண்டிப்பு மிக்கவர் என்பதும், பாராட்டியே பெரும்பணியைச் சுமத்தும் திறன் வாய்ந்தவர் என்பதும், அப்பழக்கத்தினாலேயே தமக்குத் தமிழ் எழுதும் ஆற்றல் கைவந்தது எனப் பாரதியார் பிற்காலத்தில் நன்றியுடன் நினைவுகூர்ந்தார் என்பதும் வ. ரா. அவர்கள் எழுதிய 'மகாகவி பாரதியார்' என்னும் நூலால் அறியப்படுகின்றன. இது நேர்ச்சான்றன்று. புதுவையில் பாரதியாரொடு பழகியவர் ஆண்டுகள் பல கழிந்தபின் எழுதிய நினைவுரை. நினைவுரைக்குரிய வரையறையோடு இதனைக் கொள்ளல் வேண்டும். எனினும் பாரதியார் எழுத்துகளே இதற்கு உறுதுணையாக நிற்கின்றன. அவற்றுள் மூன்றனை ஈண்டுச் சுட்டலாம்.

முதலாவது, மொழிநடை மாற்றம். 1904-ஆம் ஆண்டுச் செய்யுளையும், 1905 செப்டம்பரில் 'சுதேசமித்திர'னில் வெளிவந்த 'வங்கமே வாழிய' என்னும் பாட்டையும் ஒப்பிடுவார்க்கு இடைவெளி ஓராண்டே எனினும் நடை வேறுபட்டிருத்தல் தெரியவரும். முன்னது தனியொருவர் தம் புலமையைக் காட்ட எழுதியது. பின்னது பலரும் படித்தற்கென எழுதியது. 1912-இல் வெளியிட்ட 'பாஞ்சாலி சபத' முன்னுரையில், எளிய பதமும் எளிய நடையும் பொதுமக்கள் விரும்பும் மெட்டும் உடைய காவியமே காலத்தின் தேவை என்னும் கருத்தை அவர் வற்புறுத்தினார். இக்கொள்கைக்குக் காரணம் பலவாகலாம். நாட்டுப்பற்று அவற்றுள் முதன்மையானது. ஆனால் கொள்கையைச் செயலாக்கும் கைப்பழக்கம் நாளிதழின் மேசையில் வாய்த்தது எனக் கருதுதல் பொருந்தும்.

இரண்டாவது, சொல்லாக்கத்தில் அவர் காட்டிய பொறுமை. 'மெம்பர்' என்னும் சொற்கு நேரான தமிழ்ச்சொல்லை அரைமணி நேரம் தேடியும் தம் மனத்திற்கு இசைந்தது கிட்டாமையால் அவ்வாங்கிலச் சொல்லையே எழுதிவிட்டதாக ஒரு கட்டுரையில் வெளிப்படையாகக் குறித்துள்ளார். மகாகவி ஒருவர் ஒரு சொல்லில் தமக்கு நேர்ந்த தோல்வியை வாசகர்முன் ஒளியாது வைத்தல் சிறு செய்தியன்று. நாடோறும் சொல்லுக்கு அலைந்து, நாடோறும் ஓரளவு தோற்று, மறுநாள் மீண்டும் அலைந்தவர்க்கே இத்தகைய இயல்பான பணிவு வரும்.

மூன்றாவது, ஆசிரியர்பால் அவர் கொண்ட மதிப்பு. முற்றுப்பெறாத 'சந்திரிகையின் கதை'யில் ஜி. சுப்பிரமணிய ஐயரை அவர்தம் பெயராலேயே கதைமாந்தராக அமைத்துள்ளார். கசப்பு எஞ்சியிருந்தால் அப்படைப்பு அவ்வாறு அமைந்திராது.

5. ஓரிக்கையின் வரலாறும் பாரதியின் விலகலும்

திருத்தத்தை ஏற்றல் ஒருபுறமாக, ஏற்கலாகாதது எது என்னும் வினா மறுபுறம் எழுகின்றது. இதற்கு விளக்கமாக அமைவது ஓரிக்கையின் பெயர் வரலாறு. திருமழிசையாழ்வாரின் மாணாக்கர் கணிகண்ணர். காஞ்சியை ஆண்ட பல்லவ மன்னன் அவரைத் தன்மீது பாட்டு இசைக்குமாறு பணித்தான். கணிகண்ணர் மறுத்தார், நாடு கடத்தப்பட்டார். மாணாக்கரைப் பிரியாது ஆழ்வாரும் புறப்பட்டார். ஆழ்வார் வேண்டுகோட்கு இணங்கித் திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமாளும் தம் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்தொடர்ந்தார் என்பது குருபரம்பரை கூறும் செய்தி. மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் 'ஓரிரவு இருக்கை' எனப் பெயர் பெற்று, நாளடைவில் ஓரிக்கை என மருவிற்று என்பர். மன்னன் பிழையுணர்ந்து வேண்ட, மூவரும் காஞ்சிக்கு மீண்டனர். சொன்னவாறே சென்று, சொன்னவாறே மீண்டமையின் பெருமாளுக்குச் 'சொன்னவண்ணம் செய்த பெருமாள்' என்னும் பெயர் அமைந்தது.

குமரகோட்டத்துப் புலவர் ஏன் பணிந்தார், கணிகண்ணர் ஏன் பணிந்திலர்? முன்னவரிடம் கேட்கப்பட்டது எவ்வாறு பாடவேண்டும் என்பது. பின்னவரிடம் கேட்கப்பட்டது யாரைப் பாடவேண்டும் என்பது. சொல்லமைதிக்குப் பொதுவிதி உண்டு. உள்ளத்தின் சார்புக்கு வெளியார் விதி வகுத்தல் இயலாது. மொழியைத் திருத்துவார்க்குத் தலைவணங்கிய நாவே பொருளை ஆணையிடுவார்க்கு அடங்க மறுக்கும். அவ்வாறு மறுத்தற்கு வேண்டும் துணிவைத் தன் சொல்லின்மேல் உள்ள நம்பிக்கை தருகின்றது. அந்நம்பிக்கையோ பல திருத்தங்களைத் தாங்கி வந்ததனால் விளைவது.

பாரதியார் வாழ்விலும் இவ்விரண்டாம் நிலை வந்தது. 1905-க்குப் பின்னர் அவர்தம் அரசியல் நோக்கு திலகர் வழியே விரைந்து சென்றது. நாளிதழின் பொறுப்பைத் தாங்கிய ஐயர் மிதமான நெறியில் நிற்கவேண்டியவரானார். 1906 மே திங்களில் 'இந்தியா' வார இதழ் தோன்றிற்று. பாரதியார் அதன் எழுத்துப் பொறுப்பை ஏற்று, அவ்வாண்டிலேயே 'சுதேசமித்திர'னை விட்டு நீங்கினார். அங்கு அவர் எழுதிய தலையங்கங்களின் வேகமும் தெளிவும் புதுமுக எழுத்தாளருடையன அல்ல. ஈராண்டுகள் பிறர் கருத்தைத் தமிழாக்கிப் பயின்ற கை, தன் கருத்தை எழுதும் உரிமை பெற்றவுடன் தயக்கமின்றி ஓடியது.

1908-இல் அடக்குமுறை மூண்டது. எழுத்துகளின் பொருட்டு ஐயர் சிறைப்பட்டார்; 'இந்தியா'வின் பதிவுபெற்ற ஆசிரியர் தண்டனை அடைந்தார்; பாரதியார் புதுவை சேர்ந்தார். அங்கிருந்தும் ஓய்ந்தாரல்லர். பின்னர், அரங்கசாமி ஐயங்கார் ஆசிரியராயிருந்த காலத்தில், 'சுதேசமித்திர'னுக்கே மீண்டும் கட்டுரைகள் எழுதலானார். 'தராசு' அவ்விதழில் வெளிவந்ததே. 1918-இல் பிரிட்டிஷ் எல்லைக்குட் புகுந்து கடலூர்ச் சிறையில் இருந்து வெளிவந்து, 1920-இன் இறுதியில் சென்னை சேர்ந்து, தாம் தொழில் தொடங்கிய அதே இதழில் துணையாசிரியராக மீண்டும் அமர்ந்தார். 1921 செப்டம்பரில் மறையும்வரை அப்பணியிலேயே இருந்தார். சென்றவர் மீண்ட இவ்வரலாறு ஓரிக்கைக் கதையோடு ஒப்புநோக்கத்தக்கது. கருத்து வேறுபட்டு நீங்கியும் பகை கொள்ளாது திரும்பி வருதல் திண்மையின் முதிர்ந்த நிலை. விலகுதற்கு வேண்டும் துணிவினும், மீளுதற்கு வேண்டும் துணிவு பெரிது.

6. பின்வந்தோர்

இந்நெறி பாரதியாரோடு முடிந்திலது. கல்கி எனப் புகழ்பெற்ற ரா. கிருஷ்ணமூர்த்தி (1899–1954) ஒத்துழையாமை இயக்கத்தில் பள்ளியை விட்டுச் சிறைசென்று மீண்டபின், 1923-இல் திரு. வி. கலியாணசுந்தரனாரின் 'நவசக்தி'யில் துணையாசிரியரானார். திரு. வி. க. பள்ளித் தமிழாசிரியராக இருந்து, 1917-இல் 'தேசபக்தன்' ஆசிரியராகி, அரசியற் செய்திகளைத் தூய தமிழில் எழுதலாம் என நாட்டியவர். அவரிடம் ஐந்தாண்டு பயின்ற கல்கியின் நடை திரு. வி. க.வின் நடையை ஒத்திருக்கவில்லை. முன்னவர் நடை மேடைப் பெருக்குடையது. பின்னவர் நடை உரையாடற் பாங்குடையது. ஆசிரியரின் உழைப்பையும் ஒழுங்கையும் கைக்கொண்டு, நடையைத் தமக்கென வகுத்துக்கொண்டமையே அவர் பயிற்சி பெற்றதற்குச் சான்று. அடுத்து, 1929-இல் திருச்செங்கோட்டு ஆசிரமத்தினின்று இராசாசியை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்த 'விமோசன'த்தில் அவர் பணிபுரிந்தார். மதுவிலக்கு ஒன்றே அவ்விதழின் பொருள். ஒரே பொருளைச் சிற்றூர் மக்களுக்குச் சலிப்பின்றி இதழ்தோறும் சொல்லவேண்டிய நெருக்கடி, கதை சொல்லும் திறனைக் கூர்மையாக்கியது. அவரும் 1941-இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் ஈடுபடும்பொருட்டு 'ஆனந்த விகட'னை விட்டு நீங்கித் தம் பெயராலேயே இதழ் தொடங்கினார் என்பது முன்னர்க் கூறிய விலகல் நெறிக்கு இணையாகும்.

காஞ்சியிலேயே இதற்குச் சான்று உண்டு. 1909-இல் அந்நகரில் நெசவாளர் மரபில் தோன்றிய சி. என். அண்ணாதுரை, பட்டப்படிப்பை முடித்தபின் இதழ்களில் துணையாசிரியராகத் தொழில் பயின்று, 1937 முதல் ஈரோட்டில் பெரியாரின்கீழ் 'விடுதலை', 'குடிஅரசு' ஆகியவற்றின் ஆசிரியப் பணியை மேற்கொண்டார். 1942-இல் காஞ்சியினின்று 'திராவிட நாடு' கிழமையிதழை வெளியிட்டார். ஆசிரியர், கட்டுரையாளர், கதைஞர் எனப் பல பணிகளைப் பல புனைபெயர்களில் ஒருவரே செய்த அவ்விதழ், ஈரோட்டுப் பயிற்சியின் விளைவே எனலாம். 1949-இல் கொள்கை வேறுபாட்டால் பெரியாரைப் பிரிந்தார். 1967-இல் முதலமைச்சர் பொறுப்பேற்கும் நிலையில் திருச்சிக்குச் சென்று பெரியாரைக் கண்டார். அரசியலின் கூறுகளை ஆராய்தல் இக்கட்டுரையின் வரம்புக்கு உட்பட்டதன்று. பிரிவுக்குப் பின்னும் ஆசிரியரை ஆசிரியராகவே மதித்த பண்பை மட்டும் ஈண்டுச் சுட்டுதல் போதும்.

உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக அமையும் காஞ்சிக் கோர்வைப் பட்டினை ஒருவர் தனித்து நெய்தல் அரிது. கரைப்பக்கத்து நாடாவை இயக்க உடன் ஒருவர் இருப்பர். இருவர் கையும் ஒத்து இயங்கினாலன்றிக் கரையும் உடலும் சேர்ந்து நில்லா. இதழாசிரியரும் இளம் எழுத்தாளரும் கூடிச் செய்த பணியும் இத்தகையதே.

7. முடிவுரை

கடுமை எல்லாம் பயன் தரும் என்று கொள்ளுதல் பிழை. கடுமையினால் எழுதுகோலைக் கைவிட்டவர் பெயரை வரலாறு பதிவு செய்வதில்லை. வென்றவரையே பதிவு செய்கின்றது. ஆதலின் மேற்கூறிய சான்றுகளில் கடுமை பயனளித்தமைக்கு இருந்த காரணங்களையே நாம் ஆராய்தல் வேண்டும். அவை மூன்றெனலாம்.

திருத்துவோர் தாமும் உழைத்தனர் என்பது ஒன்று. ஐயர் துணையாசிரியரிடம் வேண்டிய உழைப்பினும் மிகுதியான உழைப்பையும் துன்பத்தையும் தாமே ஏற்றவர். திருத்தம் காட்டத்தக்க அளவுகோலைச் சார்ந்திருந்தது என்பது இரண்டாவது. குமரகோட்டத்து அவையில் அது இலக்கண நூல். நாளிதழ் அலுவலகத்தில் அது வாசகனின் விளக்கம். எழுதுவோர்க்கு நீங்கும் உரிமையும் மீளும் வாயிலும் இருந்தன என்பது மூன்றாவது. இம்மூன்றும் உள்ளவிடத்துத் திருத்தம் பயிற்சியாகின்றது, இல்லாதவிடத்து அதிகாரமாகின்றது.

நன்னூலார் பொதுப்பாயிரத்தில் ஆசிரியர்க்கு நிலத்தின் பொறுமையையும் மலையின் நிலைபேற்றையும் துலாக்கோலின் நடுநிலையையும் மலரின் மென்மையையும் உவமையாக வைத்தார். தலைமாணாக்கர்க்கு, நீரை ஒழித்துப் பாலை மட்டும் பருகும் அன்னத்தை வைத்தார். பிறர் கூறும் திருத்தத்தில் மொழிக்கு உரியது இது, தன் உள்ளத்தின் உரிமை இது எனப் பிரித்தறிதலே அவ்வன்னத்தின் தொழிலாகும். பாரதியார் தந்தி மேசையில் முன்னதைக் கற்றார். 'இந்தியா'வின் வாயிலில் பின்னதைக் காத்தார்.

ஆய்வேடுகளை எழுதும் இன்றைய மாணவர்க்கும், அவற்றைத் திருத்தும் நெறியாளர்க்கும் இவ்வரலாறு புறம்பானதன்று. இயல்தோறும் சிவப்பு மையால் கோடிட்டுத் திரும்பிவரும் ஏட்டைக் காணும் மாணவர், அக்கோடு சொல்லின்மேல் இடப்பட்டதா, தம் முடிவின்மேல் இடப்பட்டதா என்பதை முதற்கண் ஆராய்க. சொல்லின்மேல் இடப்பட்டதாயின் விதியைக் கேட்டுப் பணிக. முடிவின்மேல் இடப்பட்டதாயின் சான்றைக் காட்டி நிற்க. நெறியாளரும் கோடிடுமுன் தம் கையிலிருப்பது வீரசோழியமா, பல்லவன் ஆணையா என்பதை எண்ணிப் பார்த்தல் நலம்.